நன்றியுரை வரை ஓடிய கார்

எங்கள் பந்தய அணியில் மூன்று பேர், ஒரு கார். ஓடிய பந்தயமும் ஒன்று. அதிலும் ‘ஓடிய’ என்ற சொல்லைக் கொஞ்சம் பெருந்தன்மையோடுதான் போட்டிருக்கிறேன்.

மருதனார்மடச் சந்தியில் வாடகைக்குக் கார் விட்ட அண்ணை ஒருவர், அவருக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், மூன்றாவது நான். சாரதி, இயந்திர நிபுணர், எரிபொருள் பொறுப்பாளர் என்று எங்களுக்கு நாங்களே பதவி கொடுத்துக்கொண்டோம். என் பதவிக்கு அடையாளம், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற சின்னப் போத்தல். அதற்குள் பெற்றோல்.

சிரிக்க வேண்டாம். தொண்ணூறில் திரும்பவும் சண்டை மூண்ட பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த இஞ்சின் மண்ணெண்ணெயைத் திரும்பியும் பாராது. முதலில் காபரேற்றருக்குள் நாலைந்து சொட்டுப் பெற்றோல் விட்டு, ஒருவர் முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்ற வேண்டும். சூடேறிய பிறகுதான் அது மனம் இரங்கி மண்ணெண்ணெய் குடிக்கும். நின்றுவிட்டால் திரும்பவும் சொட்டு மருந்து. பின்னால் வருகிறவர் யாரென்பது புகைக்குள் தெரியாது. இருமலை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கார் பிடிக்க யாரிடம் வசதி இருந்தது? மாப்பிள்ளைமாரே சைக்கிளில் போய் இறங்கினார்கள். அண்ணையின் கார் முற்றத்தில் நின்றது. அண்ணையின் மனைவி, நாங்கள் அக்கா என்போம், அவவின் தம்பிக்குச் சுன்னாகத்தில் வெங்காயத் தோட்டம். தண்ணீர் இறைக்க அவருக்கு ஒரு இஞ்சின் வேண்டியிருந்தது. அக்கா கணக்கைச் சுருக்கமாக முடித்தா.

“இஞ்சாருங்கோ, உது முத்தத்திலை நிண்டு விடுற புகையைத் தோட்டத்திலை நிண்டு விட்டால் நாலு வெங்காயமாவது விளையும்.”

அண்ணைக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் எங்களிடம் சொன்னார்: “சந்தியிலை என்னைக் கார்க்கார அண்ணை எண்டுதான் கூப்பிடுறாங்கள். இஞ்சினைக் கழட்டினால் என்னெண்டு கூப்பிடுவாங்கள்? தகரக்கார அண்ணை எண்டோ?”

இந்த நேரம் பார்த்துத்தான் பருத்தித்துறைப் பக்கம் ஒரு வாசிகசாலை தன் விளையாட்டு விழாவில் கார் ஓட்டப் போட்டி வைத்தது. விளக்குக்கே எண்ணெய் இல்லாத நாளில் கார்ப் பந்தயம். ஊருக்கு விசர் என்று வெளியாட்கள் சொல்லலாம். நாங்கள் அதை விளையாட்டுத்துறை வளர்ச்சி என்றோம். அண்ணை வீட்டில் ஒப்பந்தம் பேசினார்.

“கார் வெண்டால் இஞ்சினிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது.”

“வெண்டால் வைக்கேல்லை. தோத்தால் தம்பி வண்டிலோடை வருவான்,” என்றா அக்கா.

போட்டிக்கு வந்த கார்கள் இரண்டே இரண்டு. மற்றது அந்த ஊர்க் கார். கடலுக்குப் போகிற மூன்று சகோதரர்களுடையது. ஒவ்வொருவருடைய கையும் எங்கள் சைக்கிள் கடைக்காரரின் தொடைப் பருமன். மைதானத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை ஓட வேண்டும், அவ்வளவுதான். மேலே விமானச் சத்தம் கேட்டால் போட்டி நிறுத்தப்படும் என்பது ஒரு விதி. கார்கள் இரண்டும் இயங்கியபடி கோட்டில் நிற்க வேண்டும் என்பது இன்னொரு விதி. நின்றோம்.

அப்போதுதான் மைக்கைப் பிடித்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு கோழிக்கூட்டைத் திறப்பதென்றாலும் வரவேற்புரை உண்டு. அதற்குப் பிறகு தலைமையுரை. பிறகு ஆசியுரை. வாழ்த்துரை சொல்ல வந்தவர்கள் ஒருவரையொருவர் வாழ்த்தினார்கள். எங்கள் கார் நின்ற இடத்தில் நின்று எண்ணெய் குடித்தது. ரேடியேற்றரில் தண்ணீர் கொதித்தது. சிறப்புரையாளர் எழுந்து, ‘கார்’ என்பது பழந்தமிழில் மேகம் என்று தொடங்கினார்.

அண்ணை புகைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “மேகத்தைப் பற்றித் தெரியவேணுமெண்டால் அந்தாளை எங்களுக்குப் பின்னாலை வந்து நிக்கச் சொல்லும்.”

கார்காலம், கார்குழல் என்று அவர் போய்க்கொண்டிருக்கையில் எங்கள் இஞ்சின் நின்றது. போத்தலில் இருந்ததை முழுவதும் விட்டேன். சைக்கிள் கடைக்காரர் சுற்றினார். திரும்ப உயிர் வந்தது. பேச்சு முடிந்தது என்று மூச்சு விட்டோம். ஆனால் விமானம் வந்து சனம் கலைந்தால் நன்றியுரை விட்டுப்போகுமாம். ஆகவே அதையும் முன்னுக்கே வைத்துவிட்டார்கள். பந்தல் போட்டவருக்கும் கதிரை தந்தவருக்கும் நன்றி சொல்லி, தேநீர் ஊற்றியவரிடம் வரும்போது எங்கள் கார் அடங்கியது. ஒரு பெருமூச்சு விட்டு மற்றக் காரும் அடங்கியது.

கொடி விழுந்தது.

மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு கார்களும் கோவில் தேர் மாதிரி நின்றன.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? தள்ளுங்கோ,” என்றார் அண்ணை.

கோட்டில் இயங்கியபடி நிற்கச் சொன்ன விதியில், கொடி விழுந்த பிறகும் இஞ்சின் ஓடத்தான் வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. நானும் சைக்கிள் கடைக்காரரும் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தோம். அண்ணை ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி உள்ளே இருந்து தைரியம் சொன்னார். பக்கத்தில் சகோதரர்கள் மூவரும் ஏலேலோ போட்டு, கரையிலிருந்து தோணியை இறக்குகிற மாதிரி ஒரே தள்ளில் எங்களைத் தாண்டிப் போனார்கள். தோணி தள்ளுகையில் யாரும் உள்ளே இருப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் காருக்குள்ளும் ஒருவரும் இருக்கவில்லை. ஸ்ரேறிங் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. கார் நேரே பேச்சாளர்களின் பந்தலை நோக்கிப் போனது. அன்று முழுவதும் அவர்கள் ஒன்றும் பேசாமல் செய்த காரியம், கதிரைகளை விட்டு எழுந்து ஓடியதுதான். பந்தல்காலில் முட்டிக் கார் நின்றது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நாங்கள் அரக்கி அரக்கி, அங்குலம் அங்குலமாக முடிவுக் கோட்டைத் தாண்டினோம்.

பரிசு ஒரு அரிக்கன் லாம்பு. எண்ணெய் இல்லாமல்.

விழாக் குழுவினரின் மோட்டார் சைக்கிளிலிருந்து பத்துச் சொட்டுப் பெற்றோல் இரந்து வீடு வந்து சேர்ந்தோம். வருகிற வழியெல்லாம் அண்ணை எங்களுக்குப் பாடம் எடுத்தார். “வெண்டது எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒரு கதையும் வேண்டாம்.”

அக்கா வாசற் படலையடியில் நின்றா. “என்ன மாதிரி?”

“வெண்டது,” என்றார் அண்ணை.

அவவின் முகம் ஒரு கணம் உண்மையிலேயே மலர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வெற்றி பெற்ற ஒருவரின் வாயை யார் கட்டுவது? சைக்கிள் கடைக்காரர் சேர்ட்டைக் கழற்றிக் கன்றிய தோளைக் காட்டினார்.

“பாருங்கோ அக்கா, கண்டிப்போச்சு. இஞ்சின் ஒரு பொட்டு உதவியும் செய்யேல்லை. முழுக்க எங்கடை கைதான்.”

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்ப வெண்டது கார் இல்லை, நீங்கள்,” என்றா அக்கா. “இஞ்சின் இல்லாமலும் உங்களாலை வெல்லேலும் எண்டு தெரிஞ்சுபோச்சு. சந்தோசம். சாப்பிட வாங்கோ.”

தோற்றிருந்தால் திரும்ப ஒரு தரம் ஓடிப் பார்ப்போம் என்று மன்றாடியிருக்கலாம். வென்றவர்கள் எதைக் கேட்பது?

தம்பி வண்டிலோடு வந்தார். வேறு யாரையும் தொட விடாமல் ஆணிகளை அண்ணையே கழற்றினார். இஞ்சினை நாங்கள் மூவரும் தூக்கி ஏற்றினோம். அணியாகச் சேர்ந்து நாங்கள் செய்த கடைசி வேலை அது. சாக்கை மடித்து அதன் அடியில் வைத்துவிட்டு, அண்ணை மாட்டுக்குப் பக்கத்தில் போனார்.

“தம்பி, மெல்லமாய் விடும். றோட்டிலை கிடங்கு பள்ளம் பாத்து விடும். அதுக்குக் குலுக்கல் ஒத்துவராது.”

வலிகாமத்து வீதிகளில் ஒரு கிடங்கையும் மிச்சம் விடாமல் அந்த இஞ்சினை இறக்கி ஏற்றிய மனிதர் சொன்னது இது. சிரிக்க நல்ல இடம்தான். சைக்கிள் கடைக்காரரும் நானும் சிரிக்கவில்லை.

“ஓம் அத்தான்,” என்று தம்பி மாட்டை நடையில் விட்டார்.