மாக்கிறேற் பழக்கிய சுங்கான்கள்

ஊர்காவற்றுறைக் கடற்கரையில் குடியிருந்த மாக்கிறேற்றுக்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு பிஸ்கற் தகரம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் அவளுடைய புருஷன் யாக்கோப்பு. கொழும்பில் வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப் ஒன்றில் பதினேழு வருஷம் மேசைக்குப் பரிமாறியவன், 1931ஆம் ஆண்டு இடுப்புப் பிடிப்போடு ஊருக்கு வந்தான். தகரத்துக்குள் ஒரு நல்ல சேலையாவது இருக்கும் என்று எண்ணித் திறந்தவள் மூக்கைப் பொத்தினாள். உள்ளே, புகையிலை அடைத்துப் புகை இழுக்கிற மரச் சுங்கான்கள் நாற்பத்திரண்டு. சீமைக்குப் போன துரைமார் மறந்துவிட்டவை பாதி. செத்துப்போன துரைமார் கொண்டுபோக வழியில்லாமல் விட்டவை மீதி.

"உதெல்லாம் இங்கிலாந்துச் சாமான், தெரியுமோ?" என்றான் யாக்கோப்பு.

"நாத்தமும் அங்கத்தையான்தானோ?"

சுங்கான்களைக் கடலில் கொட்டிவிட்டுத் தகரத்தில் மிளகாய்த்தூள் போடுவதுதான் அவளுடைய திட்டம். ஆனால் அவளுடைய தகப்பன் வள்ளம் கட்டிய ஓடாவி. நல்ல மரத்தைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இராது. ஒரு சுங்கானை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கரிக்குக் கீழே சிவப்பும் கறுப்புமாய் மரத்தின் ரேகை தெரிந்தது. அன்றைக்குச் சோறு குழைந்துபோனது.

பிறகு அவள் வேலையைத் தானாகவே கண்டுபிடித்தாள். கிண்ணத்துக்குள் இறுகிய கரியை முறிந்த பேனாக்கத்தியால் சுரண்டி, நகத்தின் கனத்துக்கு மட்டும் மிச்சம் விடுவாள். உப்பை நிரப்பிச் சாராயம் ஊற்றி இரண்டு நாள் வைப்பாள். சாராயத்தில் நனைத்த கோழியிறகைக் குழாயில் விட்டு இழுத்தால், துரை பத்து வருஷம் துப்பின கசடு தார்போல வரும். பாசி பிடித்ததுபோலப் பச்சையாகிப்போன வாய்த்துண்டைச் சுறாத்தோலால் தேய்த்து, சாம்பலும் தேங்காயெண்ணெயும் போட்டு மினுக்குவாள். கடைசியாக மரத்துக்குத் தேன்மெழுகு. வாய்த்துண்டிலிருந்த பல்லடையாளத்தைப் பார்த்தே, "இவன் கோவக்காரன். இவனுக்கு முன்பல்லு ரெண்டு இல்லை" என்று சொல்லுவாள். சாராயம் மரத்துக்குப் போகிறதே என்பது மட்டும்தான் யாக்கோப்புவின் கவலை.

எல்லாம் முடிந்ததும் புகையிலையை அடைத்து, சமையற் குசினி வாசலில் குந்தியிருந்து தானே பத்திப் பார்ப்பாள். புகை சீராக வருகிறதா என்று வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? தீவுப்பகுதியில் சுருட்டுப் பத்தும் பெண்கள் பலர் இருந்தார்கள். ஆனால் சுங்கான் பத்தினவள் அவள் ஒருத்திதான். நன்றாகத்தான் இருந்தது.

சுங்கான்களை விற்கும் பொறுப்பு யாக்கோப்புவுடையது. அவனிடம் முதலில் வாங்கியவர் சரவணை ஆழ்வாப்பிள்ளை. மலாயாவில் றெயில்வே கிளாக்காக இருந்து பென்சனோடு வந்தவர். பிள்ளையார் கோயில் மனேச்சர். மீன் பொரிக்கும் மணம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடக்கிறவர். "லண்டனிலயிருந்து வந்த சுங்கான், ஐயா" என்றான் யாக்கோப்பு. அது பொய்யில்லை. எந்த வருஷம் வந்தது, யார் யார் வாய் வழியாக வந்தது என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் ஆழ்வாப்பிள்ளை அந்தச் சுங்கானோடு சந்தைக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் போய்வந்தார். அதில்லாமல் அவருக்கு ஒரு கருத்தும் வராது. பிறகு துப்புரவாக்கித் தரச்சொல்லி அதை ஓர் ஆளிடம் யாக்கோப்புவுக்குக் கொடுத்தனுப்பினார். ஆள் திரும்பி வரச் சுணங்கியதால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நெற்றி நிறையத் திருநீறோடு, ஒற்றைமாட்டுத் திருக்கல் வண்டியில் தானே வந்து இறங்கினார். குசினி வாசலில் மாக்கிறேற் காலை நீட்டியிருந்தாள். மூக்கால் புகை போய்க்கொண்டிருந்தது.

"அடியே, உது என்ர சுங்கான் அல்லோ!"

"ஓம் ஐயா, உங்கடைதான். நல்லா இழுக்குது."

"நீ... முந்தியும் இதைப் பத்தினனியோ?"

"உங்களிட்டை வர முந்தி ஒருக்கா. எனக்கு முந்தி ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பன்ரண்டு வருஷம். நல்ல மனுசனாம். மாட்டிறைச்சி எண்டால் உயிராம்."

ஆழ்வாப்பிள்ளை பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டார். சாராயத்தில் இரண்டு நாள் கிடந்த மரத்தில் யாருடைய எச்சிலும் உயிரோடு இராது என்று அவள் விளங்கப்படுத்தியது அவர் காதில் ஏறவில்லை. சால்வை நுனியால் சுங்கானைப் பிடித்துக்கொண்டு போய்க் கடலில் எறிந்துவிட்டு, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு வண்டியேறினார்.

அவர் பேசிய பேச்சுக்கு அவள் கவலைப்படவில்லை. எறிந்த சுங்கானுக்காக மத்தியானம் வரை அழுதாள். அந்த நாற்பத்திரண்டிலும் அதுதான் திறமான மரம். யாக்கோப்பு இடுப்பு நோவோடு முழங்காலளவு தண்ணீரில் இறங்கித் தடவிப் பார்த்து, ஒரு நண்டோடு திரும்பினான்.

ஆழ்வாப்பிள்ளை மூன்று தரம் முழுகினார். பிறகு கொழும்புக்கு எழுதி, யாருடைய வாயும் படாத புத்தம்புதுச் சுங்கான் ஒன்றை எடுப்பித்தார். அது பளபளவென்று வந்தது. பத்தினால் வார்னிஷ் எரிகிற மணம். பச்சை மரம் சுட்டது. மூன்றாம் நாள் நாக்கில் கொப்புளம். ரசம்கூட இறங்கவில்லை. அவருடைய மனைவி யோகம்மா கஞ்சியை ஆற்றிக்கொடுத்தபடி, "நாக்கு வெந்தாலும் பறவாயில்லை, உங்கடை கௌரவம் வேகாமல் இருக்குதே" என்றாள்.

ஒரு மாதம் பொறுத்தார். பிறகு புதுச் சுங்கானோடு வந்தார். மாக்கிறேற் எழும்பவில்லை.

"மாக்கிறேற், நீர் இதை ஒருக்காப் பாரும்" என்றார். போன தடவை 'அடியே' என்றவர் இப்போது 'நீர்' என்றதை அவள் கவனித்தாள்.

சுங்கானை வாங்கி மணந்தாள். "ஐயா, இது இன்னும் பழகேல்லை. உள்ளுக்குக் கரி பிடிக்க வேணும். ஆராவது ரெண்டு கிழமை மெல்ல மெல்லப் பத்த வேணும்."

"என்னால ஏலாது. நாக்குப் போச்சு."

"அப்ப ஆர் பத்திறது?"

ஆழ்வாப்பிள்ளை கடலைப் பார்த்தார், பூவரசைப் பார்த்தார், வண்டி மாட்டையும் பார்த்தார். வேறு ஆளில்லை.

"நீர்தான் பத்தவேணும்" என்றார் மிக மெதுவாக. "ஆனா ஒருதருக்கும் சொல்லிப்போடாதையும்."

"புகையிலை நீங்கள்தான் தரவேணும். நல்லதாத் தாங்கோ."

பதினாறாம் நாள் வந்து, அவள் கொடுத்த கதிரையில் இருந்து பத்தவைத்தார். அடைத்த புகையிலை சாம்பலாகும்வரை கண்ணை மூடி இழுத்தார். போகும்போது, "உம்முடைய கை நல்ல கை" என்றார்.

"கையில்லை, ஐயா" என்றாள் அவள்.

மாக்கிறேற் ஒருவருக்கும் சொல்லவில்லை. யாக்கோப்பு கள்ளுத் தவறணையில் மட்டும் சொன்னான். அந்த வருஷம் முடிவதற்குள் கோட்டில் வழக்குப் பேசும் வேலணைப் பிரக்கிராசியார் ஒருவர் புதுச் சுங்கானோடு வந்தார். பிறகு புங்குடுதீவில் இருந்து ஒரு கடை முதலாளி, பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி அப்போதிக்கரி. எல்லாரும் தனித்தனியே வந்து, ஒருதருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். உலகச் சண்டைக்காலத்தில் சீமைச் சுங்கான் வருவது நின்ற பிறகும், இருந்தவற்றைத் துப்புரவாக்கிப் பத்திக்கொடுக்க அவளுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

1944ஆம் ஆண்டில் அவளுக்கு விடாத இருமல் பிடித்தது. அப்போதிக்கரி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சுங்கானை உடனே விடச்சொன்னார்.

"ஆற்றை சுங்கானை, ஐயா? உங்கடையையோ?"

அப்போதிக்கரி குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். மற்றவர்களுடையதை விடச்சொன்னார்.