கைராசிக்காரி

கைராசிக்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் ஓரகத்தியின் வாயால். துணி மடித்துக்கொண்டே தன் அண்ணன் மகளைப் பற்றிச் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில நர்ஸம்மாங்க அவளுக்கு வச்ச பேரு அது. இத்தனை வருஷத்துல அவ டூட்டியில ஒரு உசிரு போனதில்ல." நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

குடலில் ஆபரேஷன் முடிந்து என் தம்பி அவளுடைய வார்டில் படுத்தபோது அந்த ராசியைக் கிட்டத்தில் பார்த்தேன். இஸ்திரி கலையாமல் வருவாள். திரைச்சீலையை இழுத்துவிடுவாள், மருந்துத் தட்டை நேராக வைப்பாள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் சுருக்கம் நீவுவாள். போர்வைக்கு மேலே ஒரு முகம் இருப்பது மட்டும் அவள் கண்ணில் படாது.

அன்று மத்தியானம் தம்பிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வேர்த்துக் கொட்டியது. என்னைப் பார்த்து, என்றோ செத்துப்போன எங்கள் அம்மாவிடம் பேசுவதுபோல் ஏதோ பேசினான். பிறகு கண் சொருகிவிட்டது.

"தூங்கட்டும் அத்தை, எழுப்பாதீங்க" என்றாள்.

தம்பி பெண்டாட்டி விடவில்லை. "இவரு தூங்கினா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்மா. இது தூக்கமில்ல. டாக்டரைக் கூப்பிடு."

"சும்மாச் சும்மா கூப்பிட்டா என் மேலதான் எரிஞ்சு விழுவாரு அக்கா. இப்ப அடுத்த ஆள் வந்துடும், சொல்லிட்டுப் போறேன்."

சொன்னாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "எல்லாரும் நல்லாத் தூங்கறாங்க" என்று சொன்னாள். வந்த பெண் போர்வையை விலக்கித் தம்பியின் பாதத்தைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் டாக்டரைத் தேடி ஓடினாள். டாக்டர் வந்தார், மிஷின் வந்தது. தம்பி பிழைக்கவில்லை.

அவள் டூட்டியில் யாரும் சாகாத சூட்சுமம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாதி செத்தவரைப் போர்த்தி, அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அப்புறம் விசாரணை என்று ஒன்று நடந்தது. யார் டூட்டியில் உயிர் போனது என்று மட்டும் கேட்டார்கள். ஓடின பெண்ணைத் தூக்கி வேறெங்கோ போட்டார்கள். துக்கம் கேட்க வந்த ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நம்ம பொண்ணு இருந்தவரைக்கும் உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகலியே, பாத்தியா?"

போன வாரம் ஒன்றுவிட்ட அண்ணனைப் பார்க்க அங்கே போனேன். இப்போது அந்த வார்டுக்கே அவள்தான் தலைமை நர்ஸ். தனி மேசை, சுழல் நாற்காலி. "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்று மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். உள்ளேயிருந்து ஒரு பெண், "சிஸ்டர், எங்கப்பா ஒரு மாதிரியா இருக்காரு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள்.

கைராசிக்காரி நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.