புதன்கிழமைகளில் அக்காவின் வலது கண்

அக்காவின் இடது கண்ணை குளுக்கோமா முன்பே கொண்டுபோய்விட்டது. வலது கண்ணிலும் பார்வை சுருங்கத் தொடங்கியபோது, கிளிநொச்சியில் அக்குபஞ்சர் செய்யும் ஒருவரிடம் நான் அவரைக் கூட்டிப்போனேன். கண்ணைச் சுற்றி ஐந்து ஊசி, கையில் இரண்டு, இருபது நிமிடம். ஊசி குத்துபவர் எந்த உறுதியும் தரவில்லை. "சொட்டு மருந்தை மட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ" என்றார். அதை நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

ஊசியும் புதன், வவுனியாவில் மாதாந்தக் கண் கிளினிக்கும் புதன். பூநகரியிலிருந்து ஒரே நாளில் இரண்டுக்கும் போய்த் திரும்ப பஸ் இல்லை. ஊசியில் பலன் தெரிந்தால் கிளினிக்கைத் தள்ளிப்போடலாம் என்று நினைத்தேன். பலனை அளக்க ஒரு வழியும் கண்டுபிடித்தேன். வீடு திரும்பும்போது, வந்து நிற்கும் பஸ்ஸின் ஊர்ப் பெயர்ப் பலகையை அக்கா வாசிக்க வேண்டும்.

"என்ன போட்டிருக்கு?"

"பூநகரி எண்டு கிடக்கு. என்னை ஒண்டாம் வகுப்புப் பிள்ளை எண்டு நினைச்சியோ?"

வாராவாரம் சரியாகச் சொன்னார். 'முன்னேற்றம்' என்று எழுதினேன். இரண்டு கிளினிக் தவறின. கிளினிக்கில் தந்த சொட்டு மருந்துப் போத்தல் முடிந்தபோதும் நான் அவசரப்படவில்லை.

எட்டாவது புதன் எங்கள் பஸ் பழுதாகி, அந்த இடத்தில் முல்லைத்தீவு பஸ் வந்து நின்றது.

"பூநகரி" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஏறப்போனார்.

கையைப் பிடித்தேன். "அக்கா, இது முல்லைத்தீவு."

"இந்த நேரம் வாறது எங்கட பஸ்தானே."

நாளுக்குச் சில பஸ்களே ஓடும் ஊர். நேரம் தெரிந்தவருக்குப் பலகை தேவையில்லை. பதினெட்டு வருடம் பத்திரிகைக்குச் செய்தி சேகரித்த நான் இதை யோசிக்கவில்லை.

அடுத்த புதன் வவுனியாவுக்குப் போனோம். கண் அழுத்தத்தைப் பார்த்த டொக்டர், செத்த நரம்பை எதுவும் மீட்காது, மிச்சமிருந்த பார்வையை மருந்து காப்பாற்றியிருக்கும் என்றார். எத்தனை நாளாக மருந்து விடவில்லை என்று கேட்டார். கொப்பியைப் பார்த்துச் சரியான கணக்கைச் சொன்னேன்.

வெளியே வாங்கில் அக்காவை இருத்தினேன்.

"நான் பொய் சொல்லேல்லையடா. எனக்குத் தெரிஞ்ச மாதிரித்தான் கிடந்தது."

"ஓம்."

வாங்கில் தன் பக்கத்து இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"நீ இப்ப பக்கத்தில இருக்கிறியோ?"

நான் அவருக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.