விழ விடுதல்

காலை ஐந்து மணிக்கு அந்த மாடிவீட்டில் ஒரு பெண் விழ ஆரம்பிப்பாள். தொப்பென்று ஒரு சத்தம். எழுவாள். மறுபடி தொப். பின்பக்கமாகப் பத்து, வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து. விழும்போது உள்ளங்கையால் பாயை ஓங்கி அறைய வேண்டும், அதுதான் முறை. கீழ்வீட்டுத் தையல்காரர் குடிவந்த முதல் வாரம் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்துப் பார்த்தார். அது பலிக்கவில்லை என்றதும் படியேறி வந்துவிட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுல தினம் யாரு விழறது?"

"நான்தான்ணே."

"கால் தடுக்குதா?"

"இல்லண்ணே. வேணும்னுதான் விழறேன்."

வேண்டுமென்றே விழுகிறவளிடம் என்னவென்று சண்டை போடுவது? மனிதர் இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச மாதத்தில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவர் கண்விழித்தார்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அச்சகத்தில் பைண்டிங் வேலை. தாளை மடிக்கிறது, வரிசை பார்த்து அடுக்குகிறது, தைக்கிறது, முதுகில் பசை தடவி அழுத்தியில் வைக்கிறது. காகிதக் கட்டுகளை மற்றவர்கள் முதுகை வளைத்துத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவள் முழங்காலை மடக்கி, கட்டை நெஞ்சோடு அணைத்து, நேராக எழுந்து போய்க்கொண்டே இருப்பாள். ஜூடோ பழகுகிறவள் என்பதால் அச்சகத்தில் அவளுக்கு ஜூடோக்கா என்று பேர். சண்டை என்று வந்தால் அக்காவைக் கூப்பிடுவோம் என்று கேலி செய்வார்கள். ஆனால் அவள் யாரையும் அடித்ததில்லை. ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. இரண்டு முறை போட்டிக்குப் போய், இரண்டு முறையும் ஒரு நிமிஷத்துக்குள் முதுகு தரையில் பட்டுத் தோற்று வந்தவள். கறுப்புக்கு முந்தின பழுப்பு பெல்ட்டோடு நின்றுவிட்டாள்.

முப்பது வயதில் அச்சகத்திலிருந்து வருகைப் பதிவேடுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஜூடோ பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். கதவருகே நின்று பார்த்தபோது அவள் வயதுள்ள கனத்த பெண் ஒருத்தி மல்லாந்து விழுந்தாள். விழுந்தவள் கிடந்தபடியே சிரித்தாள். விழுந்துவிட்டுச் சிரிக்கிற பெரிய மனுஷியை இவள் அதற்கு முன்னால் பார்த்ததேயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தினமும் உடற்பயிற்சி செய்வதாக ஊரில் பாதிப்பேர் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு மழை பெய்யட்டும், அப்போது அவர்களைப் பாருங்கள். இவள் கதை வேறு. ஞாயிறு பயிற்சிக்கூடம், மற்ற ஆறு நாளும் வீடு. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு ரப்பர் பாய். உட்கார்ந்து எழுவது ஐம்பது, தண்டால் முப்பது, மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கி இடுப்பு முடிச்சைப் பார்ப்பது நாற்பது. அதற்கப்புறம் விழுவது. காய்ச்சல் என்றால் ஐந்து தடவை விழுவாள், ஆனால் விழுவாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலையிலும் பாயை விரித்தாள். அன்றைக்கு அழுதுகொண்டே விழுந்தாள், எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம் உயரமான கட்டடங்களின் குழிகளுக்குள் இடுப்பில் வாரோடு தொங்கியவர். ஒருநாளும் விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய. கட்டிலில் படுத்தபடி மனைவியைப் பார்த்துச் சொல்வார்: "நான் விழாம இருக்கறதுக்குச் சம்பளம் வாங்குறேன். நீ விழறதுக்குச் சந்தா கட்டுற. நல்ல ஜோடிதான் போ."

"சும்மா படுங்க, எண்ணிக்கை தப்பிடுது" என்பாள் அவள்.

வீட்டில் அவர்கள் இருவர்தான். பிள்ளை இல்லை. அந்தக் குறையை இருவரும் பேசிப் பேசி, பிறகு பேசுவதை நிறுத்தி வருஷங்கள் ஆகியிருந்தன.

அவருடைய அறுபதாவது வயதில் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. கால் கொஞ்சம் திரும்பி வந்தது, கை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அச்சகத்தில் அவளுக்கு மூன்று மாதம் விடுப்புக் கொடுத்தார்கள். அதற்குமேல் முடியாது என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் அவர் தனியாகப் பகலைக் கழிக்கப் பழக வேண்டும். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்த் திரும்பி வந்தால் போதும். முடியாவிட்டால் ஊரின் மறுகோடியில் உள்ள முதியோர் இல்லத்தில்தான் விட வேண்டும். அந்த இல்லத்தை ஒருநாள் போய்ப் பார்த்து வந்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. இருபது கட்டில், இருபதிலும் ஆட்கள் படுத்தே இருந்தார்கள். வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவரே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"என்னை அங்க விட்டுடாத" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பிசியோதெரபி சொல்லித்தர வாரம் இருமுறை ஒரு பெண் வந்தாள். கண்டிப்பானவள். கம்பை ஊன்றி நான்கு அடி, ஆறு அடி என்று நடக்க வைத்தாள். ஐந்தாவது வாரம் அவர் குளியலறை வரைக்கும் போய்விட்டார். இனிக் கவலையில்லை என்று மனைவி நினைத்த அன்று மத்தியானம்தான் அது நடந்தது.

ஜூடோவில் ஒரு கட்டளை உண்டு. எதிராளியைத் தூக்கிப் போட்டவர், போட்ட கையோடு விட்டுவிடக் கூடாது. அவருடைய சட்டைக் கையை இறுகப் பிடித்துக் கடைசி நொடியில் மேல்நோக்கி இழுக்க வேண்டும். அப்போதுதான் கீழே விழுகிறவரின் தலை தரையில் மோதாது. மாஸ்டர் திட்டுவதெல்லாம் இதற்குத்தான்: "எறியத் தெரியலைன்னா பரவால்ல. சட்டைக் கையை விட்டா வெளிய போ." இருபத்திரண்டு வருஷம் அவள் விட்டதில்லை. அந்த இழுப்பு அவள் மூளைக்குப் போவதேயில்லை, கையே செய்துவிடும்.

குளியலறை நிலைப்படியில் அவருடைய இடது கால் தடுக்கியது. சாய்ந்தார். பக்கத்தில் இருந்த அவள் பாய்ந்து சட்டைக் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். நல்ல இழுப்பு, மாஸ்டர் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார். ஆனால் அவள் பிடித்தது உயிரில்லாத இடது கை. தசை பிடித்து நிறுத்தாத அந்தத் தோள் அப்படியே கழன்று வந்தது. அவர் போட்ட அலறல் தெரு வரைக்கும் கேட்டது.

வேறு எந்த மனைவியாக இருந்தாலும் ஐயோ என்று கத்தியிருப்பாள், அவரும் விழுந்து, சிராய்ப்போடு போயிருக்கும். பழகிய கை என்பதால் வந்த வினை.

தோளை ஏற்றிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவர் எழுந்து நிற்க மறுத்துவிட்டார். கெஞ்சினாள், கோபப்பட்டாள். பிசியோ பெண் அதட்டிப் பார்த்தாள். எதற்கும் அசையவில்லை. விழுவோமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடக் கொடுமை இன்னொன்று: அவள் பக்கத்தில் வந்தாலே அவர் உடம்பு லேசாகச் சுருங்கியது. அவருக்கே அது தெரியாது, அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் இரண்டு பாயையும் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகினாள். என் கையே எனக்கு வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு.

மூன்று வாரம் அந்த வீட்டில் யாரும் விழவில்லை.

ஒருநாள் காலை தையல்காரர் படியேறி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. மூணு வாரமா நான் லேட்டாத்தான் எந்திரிக்கிறேன். மேல சத்தமே காணோம். என்னமோ மாதிரி இருக்கு."

"விட்டுட்டேன்ணே."

"விட்டுட்டியா? நான் இடிச்சப்பவே விடல, இப்பவா விட்ட?"

தையல்காரர் போன பிறகு கட்டிலிலிருந்து கணவரின் குரல் வந்தது.

"பாயை விரி."

"எதுக்கு?"

"விரின்னா விரி. எனக்கும் விடிய மாட்டேங்குது."

விரித்தாள். உடம்பு இறுகிப் போயிருந்தது. பத்துக்குப் பதில் ஆறுதான் விழ முடிந்தது. அவர் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கேலி செய்த மனுஷன், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். மெக்கானிக்கின் கண், ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்றுதான் பார்க்கும்.

"விழறப்ப எதுக்குக் குனிஞ்சு வயித்தைப் பாக்குற?"

"முடிச்சைப் பாத்தா தாடை நெஞ்சுல ஒட்டிக்கும். பின்மண்டை தரையில படாது."

"கையால அறையிறது?"

"அடி அத்தனையும் ஒரே எடத்துல இறங்காம பிரிஞ்சு போகும்."

"லிஃப்டுலயும் அப்படித்தான். கயிறு அறாதுன்னு நாங்க நம்பறதே இல்ல. அறுந்தா என்ன பண்ணணும்னு கீழ ஒரு ஏற்பாடு இருக்கும்." பிறகு, அவளைப் பார்க்காமல், "எனக்குச் சொல்லிக் குடு" என்றார்.

பிசியோ பெண் முதலில் முடியாது என்றாள். பிறகு, தான் கூட இருக்கும்போதுதான் புதிதாக எதையும் தொடங்க வேண்டும், இடது தோளை யாரும் தொடக் கூடாது, வலப்பக்கம் மட்டும்தான் என்று ஆயிரம் நிபந்தனை போட்டுச் சம்மதித்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து தலையணைமேல் சாய்வதில் ஆரம்பித்தார்கள். அப்புறம் முக்காலியிலிருந்து பாய்மேல். அப்புறம் மண்டியிட்டபடி. ஒவ்வொரு தடவையும் அவர் தன் பைஜாமா நாடாவின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே, வலது கையால் பாயை அறைந்தபடி விழுவார். விழுந்தபின் முக்காலியைப் பிடித்து எழவும் பழகினார். அது விழுவதைவிட நூறு மடங்கு கஷ்டம். வியர்த்துக் கொட்டும்.

இதில் கோளாறு அவரிடம் இல்லை, அவளிடம்தான். அவர் சாயும்போதெல்லாம் அவள் கை தானாக நீண்டது.

"நீ கையை நீட்டுற. நான் அதைப் பாக்கறேன். முடிச்சைப் பாக்க மாட்டேங்குறேன்" என்றார் அவர். "நீ வேலைக்குப் போனப்புறம் இந்தக் கை இங்க இருக்குமா?"

இருக்காது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, கை கேட்க வேண்டுமே. கடைசியில் அவளுடைய காலைப் பயிற்சியில் ஒன்று கூடியது. தன் முப்பதை முடித்துவிட்டு, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பாள். அவர் எதிரே பத்துத் தடவை விழுவார். அவள் பிடிக்கக் கூடாது. எத்தனையோ பயிற்சி செய்தவள், எதிலும் இவ்வளவு களைத்ததில்லை. சில நாள் முடிந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

விடுப்பு முடிந்தது. முதல் நாள் வேலைக்குக் கிளம்பி அச்சகத்தில் போடும் நீலக் கோட்டையும் மாட்டிக்கொண்டாள். அவர் கம்பை ஊன்றிக் குளியலறைக்குப் போனார், இவள் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அதே நிலைப்படி. அதே கால். இந்த முறை பாய் இல்லை, பிசியோ பெண் இல்லை, வெறும் தரை. அவர் சாய்ந்தார். கை எட்டும் தூரத்தில்தான் இருந்தாள்.

பிடிக்கவில்லை.

தொப்பென்று விழுந்தார், வலப்பக்கமாக. தாடை நெஞ்சில் ஒட்டியிருந்தது. உள்ளங்கை தரையை அறைந்த சத்தம் சுவரெல்லாம் எதிரொலித்தது. அவர் அப்படியே கிடந்து கூரையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கோணிப்போன வாயோடு, சத்தமாக.

"நேரமாகுது, நீ கிளம்பு. நான் மெதுவா எந்திரிச்சுக்கறேன்."

எழுந்துகொள்ள அவருக்குப் பதினோரு நிமிஷம் ஆனது. அவள் நின்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள். கீழே வந்தபோதுதான் கவனித்தாள், கோட்டின் இடது கை தோளோரம் பிய்ந்து தொங்கியது. அவர் சாய்ந்தபோது அவளுடைய வலது கை எதையாவது பிடித்தே தீருவேன் என்று அந்தச் சட்டைக் கையையே பிடித்து இழுத்திருக்கிறது.

தையல்காரர் கோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"தையலே விட்டுப் போச்சே. யாரு இப்படி இழுத்தது?"

"நான்தான்ணே."

"வேணும்னேவா?"

"அவர் விழுந்தாருண்ணே. நான் பிடிக்கல" என்றாள். மெஷின் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். தையல்காரர் ஊசியில் நீல நூலைக் கோத்து, தோளோரம் இரண்டு ஓட்டு ஓட்டினார்.

தன் வீட்டுச் சத்தத்தைக் கீழேயிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைக்கு மேலே கம்பு ஊன்றும் சத்தம், இழுத்து வைக்கும் ஒரு கால், பிறகு மற்றொரு கால். குளியலறையிலிருந்து கட்டில் வரைக்கும் போய் அது நின்றது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோட்டை வாங்கி மாட்டி, வேலைக்குப் போனாள்.