துரையை முன்னால் நிறுத்தினோம்

குளச்சலில் கருமணல் கம்பெனியில் ஒரு ஜெர்மன் துரை இருந்தார். என் தாய்மாமா அங்கே குமாஸ்தா. அப்போது எனக்கு எட்டு வயது.

துரை தம் நாட்டில் பதினைந்து வருஷம் பந்து விளையாடியவராம். முழங்கால் கெட்டுப்போய் நிறுத்திவிட்டார். அவர் ஆடிய அணியின் படத்தை மாமா ஒருநாள் வீட்டுக்கு வாங்கி வந்து காட்டினார். பதினொரு பேர், துரை பின்வரிசையில் ஓரமாக நிற்கிறார். ஆட்டத்திலும் பின்னால் நின்று, வருகிற பந்தை மறிப்பதுதான் அவர் வேலையாம். ஒரு கோல்கூட அடித்ததில்லையாம்.

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் மனுசன், ஆயுசு முழுக்கப் பின்னாலயே நிறுத்திப்போட்டானுவ. அடுத்த வாரம் கப்பலேறப் போறாரு. நாமளாவது முன்னால நிறுத்துவோம்."

கோயில் திருநாளுக்கு மறுநாள் பக்கத்துக் கரைக்காரர்களோடு ஆட்டம். மணலில் நான்கு துடுப்புகளை நட்டுக் கோல் கட்டினார்கள். துரை வந்ததும் நேரே எங்கள் கோலின் முன்னால் போய் நின்றார். மாமா ஓடிப்போய்க் கைபிடித்து நடுவுக்குக் கூட்டிவந்தார். ஆட்டம் தொடங்கியதும் துரை மெல்ல மெல்லப் பின்னால் நடந்தார். மாமா மறுபடியும் கூட்டிவந்தார். "பின்னாலே, பின்னாலே" என்று துரை தமக்குத் தெரிந்த தமிழில் கெஞ்சினார்.

"வேண்டாம் துரை, முன்னால நில்லுங்க. நீங்க எங்க விருந்தாளியில்லியா?"

"ஏலே, துரைக்கு வீட்டுக்கு வழி தெரியலியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தோம்.

கடைசியில் எதிராளி ஒருவன் பந்தோடு வந்தது, துரை நிற்க ஆசைப்பட்ட அதே இடத்தின் வழியாகத்தான். துரை அலறிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினார். போய்ச் சேருமுன் பந்து துடுப்புகளைத் தாண்டிவிட்டது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கிழங்கும் மீனும் தின்னப் போனோம். துரை மட்டும் அந்தத் துடுப்புகளுக்கு முன்னால் போய், மணலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னத்தையோ தொலைச்சிட்டாரு போலிருக்கு, மக்கா. போய்த் தேடிக் குடு" என்றாள் அம்மா.

நான் போய் அவர் காலடி மணலைக் கையால் அளைந்தேன். ஒன்றும் இல்லை. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார்தானே. அங்கேயே முழங்காலிட்டு, துரை தொலைத்ததைத் திருப்பிக் கொடும் என்று வேண்டிக்கொண்டேன். துரை என் தலையில் கைவைத்தார். மறுவாரம் கப்பலேறிப் போய்விட்டார்.

போன மாதம் என் பேத்திக்குக் கல்யாணம். இந்த வீட்டு விசேஷம் எதுவானாலும் அதுவரை பந்திக்கு ஆக்கிப் போட்டவள் நான். இந்தத் தடவை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இரண்டு முறை எழுந்து சமையல் பந்தலுக்குப் போனேன். இரண்டு முறையும் பேரன் கைபிடித்து, மரியாதையாகக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தான்.

அந்தோனியாரிடம் அன்று நான் எதைக் கேட்டேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.