சிறுகிழங்குப் பொரியல்

ஆறுமுகத்தாய் யாரையும் கேட்காமல் நேரே ஓட்டலின் அடுப்படிக்குள் நுழைந்தாள். கூடையில் கிடந்த சிறுகிழங்கு ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தாள்.

"யக்கா, சந்தேகம்னா எங்கிட்டக் கேக்கலாம்லா?" என்றாள் கடைக்காரி ஏஞ்சல்.

"கேட்டா நல்லதுன்னுதாம்மா சொல்லுவ. நானும் அப்படிச் சொல்லித்தான விக்கேன்!"

சங்கரன்கோவில் சந்தையில் இருபத்திரண்டு வருஷமாகக் காய்கறி விற்பவள். வாடியதும் முற்றியதும் பொழுது சாய எந்தெந்த ஓட்டலுக்குப் போகும் என்று அவளுக்கு அத்துப்படி. அதனால் வெளியே கை நனைப்பதே இல்லை. கல்யாணப் பந்தியில்கூட அவியலை ஒதுக்கிவிட்டு அப்பளத்தோடு எழுந்துவிடுவாள். கணவர் சங்கரசுப்பு நேர்மாறு. விசைத்தறி மெக்கானிக்கான அவர், ரிப்பேருக்குப் போன ஊர்களையெல்லாம் சாப்பிட்ட கடையை வைத்துத்தான் நினைவில் வைத்திருப்பார்.

போன ஆடியில் அவர் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் மூக்கில் குழாய். அப்புறம் கஞ்சி, மிக்ஸியில் அடித்த சோறு; எதிலும் ருசியே தெரியவில்லை என்பார். அத்தனை நாளும் ஆறுமுகத்தாய் வீட்டில் தாளிக்கவே இல்லை. வாசனை அவரை எட்டிவிடக் கூடாதே என்று தானும் அந்தக் கஞ்சியையே குடித்தாள். கேட்டவர்களிடம், "வயித்துக்கு இதுதான் ஒத்துக்கிடுது," என்று சொல்லி வைத்தாள்.

இன்று காலை திருநெல்வேலியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கட்டி இல்ல. இனிமே எல்லாம் சாப்பிடலாம்," என்றார். கத்தரிக்காய்க்கே நாலு கேள்வி கேட்கிறவள் டாக்டரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்தாள். பஸ் மானூரைத் தாண்டிய பிறகுதான் அழுதாள்.

"இப்ப எதுக்குட்டி அழுத?" என்றார் அவர்.

"எனக்குப் பசிக்கு."

"அப்ப இறங்குனதும் ஓட்டலுக்குப் போவோம்."

அவள் மறுக்கவில்லை. ஏஞ்சலின் கடையை அவர்தான் சொன்னார். அன்றன்று வந்த காயைத்தான் அங்கே சமைப்பார்கள். வாசலில் பலகையில் எழுதியிருக்கும். தை மாதமாகையால் இன்று சிறுகிழங்குப் பொரியலும் பச்சை மொச்சைக் குழம்பும்.

இரண்டு பேருக்கும் இலை போட்டார்கள். சங்கரசுப்பு குழம்பை ஊற்றிப் பிசைந்தார். அவள் தன் இலையைத் தொடாமல் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா முழுங்குங்க."

முதல் கவளம் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. கிழங்கை அள்ளி வாயில் போட்டவர் சட்டென்று குனிந்து இருமினார். முகம் சிவந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆறுமுகத்தாய் தண்ணீர் டம்ளரோடு பாய்ந்து எழுந்தாள். ஏஞ்சல் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

அவர் கையைத் தூக்கித் தடுத்தார். "ஒண்ணுமில்லட்டி. மொளகாயைக் கடிச்சிட்டேன்."

"காரம் தெரியுதா?" என்று அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சுள்ளுன்னு தெரியுதுட்டி," என்று சிரித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கை கிழங்கை அள்ளினார்.

ஆறுமுகத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளினாள். இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு இலையைத் தன் பக்கம் இழுத்தாள்.