பனியன் துணியால் துடைத்த படிகம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வெளியூரில் லேசர் ஆராய்ச்சி மாணவன். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆய்வுக்கூடத்தில் லென்ஸ் துடைக்கும் தாளுக்கு எப்போதும் தட்டுப்பாடு என்று ஒருமுறை அவரிடம் புலம்பிவிட்டேன். அன்றுமுதல் லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட், வெட்டியதில் மிஞ்சிய துணி, தயாராக இருக்கும். "உன்ர சாமானத் தொடைக்க இதவுட மெத்துன்னு எது கண்ணு கெடைக்கும்?" என்பார்.

என் சாமான், சுண்டுவிரல் நகமளவு மஞ்சள் படிகம் ஒன்று. காட்மியம் சல்ஃபைடு. சாதாரணச் சிவப்பு வெளிச்சம் அதற்குள் தாராளமாகப் போய்வரும். ஒற்றை ஒளித்துகளுக்கு அங்கிருக்கும் எலக்ட்ரானைக் கிளப்ப வலு போதாது. அதே சிவப்பில் பாயும் ரூபி லேசரின் கடுமையான துடிப்பிலோ இரண்டிரண்டு துகள்கள் ஒன்றுசேர்ந்து கிளப்பிவிடும். வெளிச்சம் ஏற ஏறப் படிகம் விழுங்கும் பங்கும் ஏறும். அதை அளப்பதுதான் என் ஆய்வேடு. நான்கு வருட உழைப்பு.

எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விழுங்கியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வேட்டைப் படித்த வழிகாட்டி ஒன்றே ஒன்று கேட்டார்: "வெளிச்சத்தை ஏத்திக்கிட்டே போனீங்க, சரி. திரும்ப இறக்கிப் பார்த்தீங்களா?"

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இறக்கிப் பார்த்தேன். படிகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், மேற்பரப்பெங்கும் கருகிய பஞ்சிழைகள், அவற்றைச் சுற்றிப் பொடிப்பொடிக் குழிகள். நான் அளந்ததில் பாதிக்குமேல் அந்தப் புண்கள் தடுத்த வெளிச்சம். ஒவ்வொரு முறையும் லேசரைப் பாய்ச்சுமுன் அப்பாவின் துணியால்தான் பக்தியாகத் துடைத்திருந்தேன். வெட்டிய பனியன் துணியில் பஞ்சு உதிரும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்பாவின் புருவத்தில் அதைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் நான். படித்த முட்டாள்.

வேறு படிகம் கிடைக்க வழியில்லை. உதவித்தொகையும் முடிந்திருந்தது. உள்ளே எல்லாம் செத்துப்போய்ப் பெட்டியோடு ஊருக்கு வந்தேன்.

அப்பா வாசலிலேயே கேட்டார். "துணி போதுமா இருந்துச்சா கண்ணு?"

"இருந்துச்சுங்கப்பா."

"அடுத்த மூட்டையும் கட்டி வெச்சிருக்கறன். போறப்ப மறந்துராத."

இனிப் போகப்போவதில்லை என்று சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஏன் என்பதை அவர் சாகும்வரை சொல்லவில்லை.